பூஜாங் பள்ளத்தாக்கின் பழங்கோயில்கள்

கெடா மாநிலத்தின் மெர்போக்கில், ஜெராய் மலையடிவாரத்தில் சண்டி புக்கிட் பத்து பகாட் என்னும் பழங்கோயில் உள்ளது. கருவறையும் அதன் முன் மண்டபமும் கொண்ட இக்கோயில் ஏறத்தாழ 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது எனக் கருதப்படுகிறது. மரத் தூண்களும் கூரையும் காலப்போக்கில் அழிந்துவிட்டன. கல் அடித்தளம் மட்டும் எஞ்சியுள்ளது.

அக்காலத்தில் பூஜாங் பள்ளத்தாக்கு புகழ்பெற்ற வணிகத் துறைமுகமாக விளங்கியது. மலாக்கா நீரிணையில் வந்த கப்பல்களுக்கு 1,217 மீட்டர் உயரமுள்ள ஜெராய் மலையே வழிகாட்டி. சீனப் பீங்கான்களும் பாசிமணிகளும் இங்குக் கிடைத்துள்ளன. இந்துக் கோயில்களோடு பௌத்தச் சின்னங்களும் கண்டெடுக்கப்பட்டுள்ளன.

கடாரம் என்றதும் பலருக்கும் 1025ஆம் ஆண்டு இராசேந்திர சோழன் நடத்திய கடற்படையெடுப்பே நினைவுக்கு வரும். ஆனால், அதற்கு முன்பே கடாரத்து அரசர் நாகப்பட்டினத்தில் ஒரு பௌத்த விகாரம் எழுப்பினார். அதற்கு இராசராச சோழன் ஆனைமங்கலம் என்னும் ஊரைக் கொடையாக வழங்கினான். இவ்வுறவு போரால் மட்டும் அமைந்ததன்று. வணிகமும் சமயமும் அதனை வளர்த்தன. எனவே, இப்பள்ளத்தாக்கை ஓர் இனத்தின் வெற்றிச் சின்னமாக மட்டும் பார்ப்பது அதன் பெருமையைச் சுருக்கிவிடும்.

1936, 1937ஆம் ஆண்டுகளில் குவாரிச் வேல்ஸ் இப்பகுதியில் அகழாய்வு செய்தார். பின்னர், 1960ஆம் ஆண்டளவில் அலஸ்டேர் லாம்ப் தலைமையில் புக்கிட் பத்து பகாட் கோயில் சீரமைக்கப்பட்டது. இன்று அதன் அருகில் தொல்பொருள் அருங்காட்சியகம் இயங்குகிறது.

எல்லாச் சண்டிகளுக்கும் இந்த நற்பேறு வாய்க்கவில்லை. சுங்கை பத்து தோட்டத்திலிருந்த 11ஆம் எண் சண்டி, வீடமைப்புக்காக நிலம் சீர்செய்யப்பட்டபோது இடிக்கப்பட்டது. 2013ஆம் ஆண்டு இறுதியில்தான் இது பொதுமக்களுக்குத் தெரியவந்தது. தேசிய மரபுடைமைச் சட்டம் 2005ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டிருந்தது. ஆயினும், தனியார் நிலத்திலிருந்த அந்தச் சண்டி அரசிதழில் பதிவு பெறவில்லை. பதிவு இல்லாத இடத்தில் சட்டத்தின் கை தளர்ந்துவிடுகிறது.

மக்களுக்கு வீடுகள் தேவை. நிலத்தின் உரிமையாளருக்கும் உரிமை உண்டு. இதனை மறுக்க இயலாது. ஆனால், வீடு கட்ட வேறு நிலம் கிடைக்கும். இடிந்த சண்டிக்கு மாற்று கிடையாது. ஆகவே, இப்பள்ளத்தாக்கில் நிலத்தைத் தோண்டுவதற்கு முன் தொல்லியல் ஆய்வு கட்டாயமாக்கப்பட வேண்டும். அறியப்பட்ட ஒவ்வொரு சண்டியும் அரசிதழில் பதிவு பெற வேண்டும். நிலத்தை இழப்போருக்குத் தக்க இழப்பீடு வழங்குவதும் நியாயமே.

மாணவர்களுக்கும் இதில் பங்குண்டு. மெர்போக்கிற்குக் கல்விச் சுற்றுலா செல்பவர்கள் படம் எடுப்பதோடு நின்றுவிடாமல், கண்டதைக் குறித்துவைத்துப் பிறருக்கும் எடுத்துரைக்கலாம். ஓரிடத்தின் மதிப்பை ஊரே அறிந்திருந்தால், அதனைச் சத்தமின்றி இடிப்பது எளிதன்று.