புதுவீட்டுக் குழாயும் தேங்கிய நீரும்

உறுப்பு மாற்று சிகிச்சை பெற்றவரையோ, புற்றுநோய்க்கு மருந்தேற்றிக் கொள்பவரையோ புதிதாகக் கட்டிய வீட்டிற்கு அழைத்துச் செல்லும் குடும்பத்தினர், குழாய் நீரைக் குறித்து ஐயம் கொள்வது இயல்பே. சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை முடிந்த என் தாயாருடன் நாங்கள் இவ்வாண்டு புதுமனை புகுந்தோம். சுவருக்குள் ஓடும் குழாய்கள் அனைத்தும் பிளாஸ்டிக் என்று அறிந்ததும், பார்க்க வந்த உறவினர் ஒவ்வொருவரும் ஓர் அச்சத்தைச் சொல்லிச் சென்றனர். பழைய இரும்புக் குழாயே மேல் என்றார் பெரியப்பா. அவர் வீட்டு இரும்புக் குழாய் துருவேறி, நீர் நூல்போல் வடிவதை ஏனோ அவர் கணக்கில் கொள்ளவில்லை. குழாய் எதனால் ஆனது என்பதைவிட, அதனுள் எத்தனை நாள் நீர் அசையாமல் கிடந்தது என்பதையே நோயாளியின் குடும்பம் முதலில் கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

பிளாஸ்டிக்கைப் பற்றிய கவலை முற்றிலும் வீண் என்று நான் சொல்ல மாட்டேன். பிவிசி வெப்பத்தில் சிதையாதிருக்க ஈயச் சேர்மங்களைக் கலக்கும் வழக்கம் நம் நாட்டில் நெடுங்காலம் இருந்தது. அதைக் கட்டுப்படுத்தும் தனி விதிகளை ஒன்றிய அரசு 2021ஆம் ஆண்டில்தான் வெளியிட்டது. ஈயம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியையும் பாதிக்கும். கொதிக்க வைத்தால் அது நீங்காது. நீர்தான் ஆவியாகிக் குறையும், ஈயம் பாத்திரத்திலேயே நிற்கும். ஆதலால் குழாயின்மேல் அச்சிட்டிருக்கும் எழுத்துகளைப் படித்துப் பாருங்கள். குடிநீருக்குரிய யுபிவிசி குழாயில் ஐ.எஸ். 4985 என்றும், வெந்நீருக்கும் ஏற்ற சிபிவிசி குழாயில் ஐ.எஸ். 15778 என்றும் இருக்கும். கீசரிலிருந்து வரும் வழியில் யுபிவிசி போட்டிருந்தால் மாற்றச் சொல்லத் தயங்க வேண்டா. அது வெந்நீருக்கு உரியதன்று. சுவர் பூசி முடிந்துவிட்டதே என்பவர்கள், வெட்டி எஞ்சிய துண்டுகளையும் கடைச் சீட்டையும் பிளம்பரிடம் கேட்டு வாங்கலாம். ஐயம் தீராதவர்கள் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தை அணுகலாம். ஈயத்தையும் சோதிக்க வேண்டும் என்று தனியே கேட்பது நல்லது.

இனி, தேங்கும் நீருக்கு வருவோம். குழாய் வேலை முடிந்ததும் கசிவு பார்ப்பதற்காக நீரை நிரப்புவர். பிறகு வண்ணப்பூச்சு, மரவேலை, நல்ல நாள் பார்த்தல் என்று மாதங்கள் கழியும். அதுவரை அந்நீர் நம் ஊர் வெயிலில் வெதுவெதுப்பாகவே கிடக்கும். மேல்நிலைத் தொட்டியில் குளோரின் இருந்திருந்தாலும் அதற்குள் அது மறைந்துவிடும். லெஜியோனெல்லா என்னும் நுண்ணுயிர் 25 முதல் 45 பாகை வெப்பத்தில் தழைப்பது. பிளாஸ்டிக், செம்பு, இரும்பு என்ற வேறுபாடின்றிக் குழாயின் உட்சுவரில் வழுவழுப்பான படலமாய்ப் படியும் கூட்டத்தில் அதுவும் குடியேறும். அந்நீரைக் குடிப்பதைவிட, ஷவரிலிருந்து எழும் நுண்துளிகளை மூச்சில் இழுப்பதே பெரும்பாலும் நிமோனியாவில் கொண்டு விடுகிறது. நல்ல உடல்நிலை உள்ளவர் பலர் தப்பிவிடுவர். எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மாத்திரை உண்பவருக்கு அந்தச் சலுகை இல்லை. சமையலறையில் மாட்டிய ஆர்.ஓ. கருவி குளியலறைக்குக் காவலாகாது என்பதும் இதனால் விளங்கும்.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. தொட்டியைக் கழுவிக் குளோரின் இட்டபின், நோயாளி வருவதற்கு முன்பே, சன்னல்களைத் திறந்து வைத்து, வீட்டின் எல்லாக் குழாய்களிலும் நீரை ஓட விடுங்கள். இணைப்புப் பசையின் வாடை போகும்வரை அந்நீரைச் சமைக்கவோ குடிக்கவோ எடுக்க வேண்டா. ஷவர் தலையையும் குழாய் முனையின் வலையையும் கழற்றினால், பிளாஸ்டிக் சீவலும் சிமென்ட் துகளும் கையோடு வரும். தொடக்க வாரங்களில் நோயாளிக்கு ஷவரைவிட வாளியும் குவளையுமே பாதுகாப்பு. கீசரை 60 பாகையில் வைத்து, வாளியில் முதலில் தண்ணீரையும் பிறகு வெந்நீரையும் விட்டுக் கலந்து கொள்ளலாம். நெபுலைசருக்கும் மூக்கு கழுவுவதற்கும் குழாய் நீரை நேராகப் பயன்படுத்தவே கூடாது. மருத்துவமனையில் நெடுநாள் தங்கி வீடு திரும்பும்போதும் இவ்வாறே குழாய்களைத் திறந்து விடுவது நல்லது. பூட்டிக் கிடந்த பழைய வீடும் அவ்வகையில் புதுவீடு போன்றதே.

லாரி நீருக்குக் காசு கொடுக்கும் குடும்பத்திடம் குழாயைத் திறந்துவிடச் சொல்வது கொடுமையாகத் தோன்றலாம். அந்நீரைப் பிடித்து வைத்துத் தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் பயன்படுத்தினோம். ஒரு சொட்டும் வீணாகவில்லை.

மருத்துவமனையிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. என் தாயாரை அனுப்பும்போது கொடுத்த அறிவுரைத் தாளில், காய்ச்சி ஆறிய நீரைப் பருகவும் என்ற ஒரே வரிதான் நீரைப் பற்றி இருந்தது. குளிக்கும் நீரைப் பற்றி எவரும் கேட்கவில்லை. நாங்களாகக் கேட்டபோது, தொற்றுத் தடுப்புச் செவிலியர் ஒருவர் அரைமணி நேரம் அமர்ந்து விளக்கினார். அவரைத் தேடிச் செல்ல எல்லாக் குடும்பத்தினருக்கும் தோன்றாது. வீடு புதியதா, எத்தனை நாள் பூட்டிக் கிடந்தது, குளிப்பது ஷவரிலா வாளியிலா என்னும் மூன்று கேள்விகளை அத்தாளில் சேர்த்தால், அதை நிரப்பும்போதே அந்த உரையாடல் தொடங்கிவிடும்.