டேர்போ மாற்றுகிறவர்களும் பழுது பார்க்கிறவர்களும்

டீசல் வாகனமொன்று இழுவை குறைந்துபோய்க் கராஜ் வாசலில் நின்றால், யாழ்ப்பாணத்தில் இன்று பெரும்பாலும் ஒரே தீர்ப்புத்தான் வழங்கப்படுகிறது.

"ரேபோ போட்டுது அண்ணை. மாத்தத்தான் வேணும்."

விசாரணை இல்லை. சாட்சி இல்லை. தடயம் இல்லை. நேரே மரணதண்டனை. தண்டப்பணம் கட்டுகிறவர் மட்டும் வாகன உரிமையாளர். இந்தத் தீர்ப்புகளுள் பல பிழையானவை என்பதும், பிழை நடப்பதற்குக் கராஜ்காரர் மாத்திரமன்றி நாமும் காரணம் என்பதும் இக்கட்டுரையின் வாதம். கராஜ்காரர்களுக்குக் கோபம் வரலாம். வரட்டும்.

எங்கள் ஒழுங்கையில் குடியிருக்கும் தம்பி ஒருவர் கேடிஎச் வான் ஓட்டுகிறார். கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு ஆட்களை ஏற்றி இறக்குவதே அவருடைய சீவனோபாயம். வான் லீசிங்கில் எடுத்தது. மாதம் தவறாமல் கட்டுப்பணம் கட்ட வேண்டும். ஒருநாள் இரவு, ஆனையிறவு கடந்து பரந்தனுக்கு அப்பால் ஒரு லொறியை முந்த முயன்றிருக்கிறார். வான் இழுக்கவில்லை. எவ்வளவு அழுத்தியும் 60 கிலோமீற்றருக்கு மேல் வேகம் ஏறவில்லை. பின்னால் கரும்புகை. மறுநாள் ஒரு கராஜில் ஸ்கேனர் பூட்டிப் பார்த்தார்கள். டேர்போ அமுக்கம் குறைவு என்று அது காட்டியது. தீர்ப்பு எழுதப்பட்டது. மனைவியின் சங்கிலி அடகுக் கடைக்குப் போயிற்று. 'ரீகண்டிஷன்' டேர்போ ஒன்று கொழும்பிலிருந்து வந்து பூட்டப்பட்டது. மூன்று கிழமை சென்றது. மறுபடியும் அதே கரும்புகை, அதே தளர்ச்சி. "வந்த சாமான் சரியில்லைப் போல. வேற ஒண்டு எடுப்பம்" என்றார்களாம்.

இரண்டாவது டேர்போவுக்காகக் கனடாவிலிருக்கும் அண்ணனிடம் பணம் கேட்க அவர் ஆயத்தமானபோதுதான் விடயம் என் காதுக்கு எட்டியது. வலிகாமத்தில் எனக்குத் தெரிந்த முதிய மெக்கானிக் ஒருவரிடம் அவரை அழைத்துச் சென்றேன். எழுபது வயது கடந்தவர். தொழிலை ஏறக்குறைய விட்டுவிட்டார். அவர் முதலில் எதையும் கழற்றவில்லை. வானை ஓடவிட்டு, வேகம் கூட்டச் சொல்லி, கண்ணை மூடிக் காது கொடுத்தார். பிறகு எஞ்சினை நிறுத்தி, ரோர்ச் லைற்றை வாங்கிக்கொண்டு கீழே படுத்தார். இன்ரர்கூலரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் றப்பர் ஹோஸின் அடிப்புறத்தை விரலால் தடவினார். கிளிப்புக்கு அருகே ஒரு வெடிப்பு. சும்மா நிற்கும்போது ஒட்டிக்கொண்டிருக்கும். அமுக்கம் ஏறினால் வாய் திறக்கும். காற்று முழுதும் அதனூடாகப் போய்க்கொண்டிருந்தது.

"தம்பி, ஊதுறவன் செத்துப்போனான் எண்டு சொல்ல முதல், ஊதின காத்து எங்க போகுது எண்டு பார்க்க வேண்டாமோ?" என்றார்.

ஹோஸ் மாற்றப்பட்டது. வான் இன்றும் ஓடுகிறது. கழற்றிய பழைய டேர்போ எங்கே என்று கேட்டேன். கராஜிலேயே விட்டுவிட்டாராம். குற்றமற்ற அந்த டேர்போ இன்று யாருடைய வாகனத்தில் 'ரீகண்டிஷன்' என்ற பெயரோடு சுழல்கிறதோ, நான் அறியேன்.

டேர்போ என்பது மாயப்பெட்டியன்று. எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு சில்லைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையிலுள்ள இன்னொரு சில்லு வெளிக்காற்றை உறிஞ்சி, அமுக்கி, எஞ்சினுக்குள் தள்ளுகிறது. கூடிய காற்று உள்ளே போனால் கூடிய டீசலை எரிக்கலாம். கூடிய வலு கிடைக்கும். அவ்வளவுதான். அல்பிரட் பியூக்கி என்ற சுவிஸ் பொறியியலாளர் இதற்கு 1905 இல் காப்புரிமை பெற்றார். டீசல் கார்களுக்கு இது வந்தது மிகப் பிந்தி. மேர்சிடிஸ் பென்ஸ் 300 எஸ்டி 1978 இல் சந்தைக்கு வந்தது. எங்கள் ஊர் மெக்கானிக்மார் பழகிய பழைய டொல்பின் வான்கள் பெரும்பாலானவற்றில் டேர்போ இருக்கவில்லை. பிறகு வந்த கேடிஎச், டபிள் கப் போன்றவற்றில் டேர்போவும் வந்தது, அதை ஆளும் கம்பியூட்டரும் வந்தது. தெரியாத சாமான் மீது பழி போடுவது எல்லாக் காலத்திலும் இலகுவானது.

இழுவை குறைகிறது என்றால் காற்றோ டீசலோ எங்கோ தடைப்படுகிறது அல்லது கசிகிறது என்பது பொருள். டேர்போவுக்கு முன்னால் ஏயர் பில்டர் உண்டு. எங்கள் செம்மண் புழுதியில் அது அடைபட அதிக காலம் வேண்டாம். டேர்போவுக்குப் பின்னால் ஹோஸ்கள், கிளிப்புகள், இன்ரர்கூலர். டேர்போவைக் கட்டுப்படுத்தச் சில வாகனங்களில் மெல்லிய வக்கும் குழாய்கள் உண்டு. கோழி இறகின் தண்டளவு குழாயொன்று வெடித்தாலே வான் கட்டைவண்டியாகும். வேறு சிலவற்றில் சிறிய மின்மோட்டார். புகையைத் திருப்பி உள்ளே அனுப்பும் ஈ.ஜி.ஆர். வால்வு கரி படிந்து திறந்தபடி நின்றாலும் இழுவை போகும். டீசல் பில்டர் அடைபட்டாலும் போகும். அமுக்கத்தை அளக்கும் சென்சர் பொய் சொன்னாலும் போகும். சைலன்சர் வழி அடைபட்டாலும் போகும். இவற்றுள் பெரும்பாலானவற்றின் விலை டேர்போவின் விலைக்குப் பக்கத்திலும் வராது. கராஜ்கள் இவற்றைத் தேடாமைக்கு அதுவும் ஒரு காரணமோ என்று கேட்கத் தோன்றுகிறது.

வாடிக்கையாளரை நம்பவைக்க இரண்டு வித்தைகள் கையாளப்படுகின்றன. வாசகர்கள் இவற்றை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

முதலாவது, ஸ்கேனர். பி 0299 என்று ஒரு குறியீடு திரையில் வரும். டேர்போ அமுக்கம் எதிர்பார்த்ததிலும் குறைவு என்பதே அதன் பொருள். டேர்போ பழுது என்று அது சொல்லவில்லை. காய்ச்சல் 103 பாகை என்று வெப்பமானி காட்டினால், அது மலேரியாவா நெருப்புக்காய்ச்சலா என்று வெப்பமானிக்குத் தெரியாது. அதைக் கண்டறியத்தான் வைத்தியர் இருக்கிறார். குறியீட்டை வாசித்துவிட்டுத் தீர்ப்புக் கூறுகிறவர் மெக்கானிக் அல்லர், வாசிப்பாளர்.

இரண்டாவது, தண்டை ஆட்டிக் காட்டுவது. ஹோஸைக் கழற்றி, டேர்போவின் சில்லைப் பிடித்து மேலும் கீழுமாக அசைத்து, "பாருங்கோ, ஆடுது" என்பார்கள். பார்ப்பவருக்கு வயிறு கலங்கும். ஆனால் டேர்போவின் தண்டு பொதுவாக ஒயில் படலத்தின்மேல் மிதந்து சுழல்வது. எஞ்சின் நிற்கும்போது பக்கவாட்டில் சிறிது அசைவது அதன் இயல்பு. சில்லு சுற்றுச்சுவரில் உரசினால், அல்லது தண்டு முன்னும் பின்னுமாகத் தெளிவாக நகர்ந்தால்தான் கவலை. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் ஆட்டிக் காட்டுவது அறியாமை. தெரிந்தும் ஆட்டிக் காட்டுவது களவு.

உண்மையாகவே டேர்போ செத்துப்போவதும் உண்டு, மறுக்கவில்லை. நீலப்புகை வரும், ஒயில் குறையும், சங்கூதுவது போன்ற ஓலம் கேட்கும். ஆனால் அப்போதும் கேட்கவேண்டிய கேள்வி, கொன்றது யார் என்பது. நிமிடத்துக்கு 1,00,000 சுற்றுக்கு மேல் சுழலும் தண்டு அது. பக்கத்தில் 700 பாகை தாண்டும் புகை. இரண்டுக்கும் நடுவே அதைக் காப்பது ஒரு மெல்லிய குழாயால் வரும் ஒயில் மாத்திரமே. ஒயிலை உரிய காலத்தில் மாற்றாவிட்டால் அந்தக் குழாய் கரி பிடித்து அடைபடும். தண்டு வரண்டு தேயும். குழாயைச் சுத்தமாக்காமலும், ஒயிலையும் பில்டரையும் மாற்றாமலும் புதிய டேர்போவைப் பூட்டினால், புதியதும் அதே நோயால் சாகும். "கொழும்புச் சாமான் கூடாது" என்று பழியைப் பஞ்சிகாவத்தையின் தலையில் போட்டுவிட்டு மூன்றாவதற்கு விலை சொல்வார்கள்.

சாரதிகளும் தூய்மையானவர்கள் அல்லர். ஏ9 வீதியில் விரட்டிக்கொண்டு வந்து, முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் நிறுத்திய கணமே திறப்பைத் திருகி எஞ்சினை அணைக்கிறோம். இறங்கித் தேங்காய் உடைக்கிறோம், கச்சான் வாங்குகிறோம். உள்ளே சூடேறிக் கிடக்கும் டேர்போவுக்கு ஒயில் ஓட்டம் நின்றுவிடுகிறது. தங்கிய ஒயில் அங்கேயே தீய்ந்து கரியாகிறது. ஒன்றிரண்டு நிமிடம் எஞ்சினைச் சும்மா ஓடவிட்டால் போதும். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கும் பொறுமையில் பாதியை டேர்போவுக்குக் கொடுத்தாலே பல இலட்சம் மிஞ்சும்.

இன்னொன்று. எங்கள் குடாநாடு மேடு பள்ளமற்ற தட்டைப்பூமி. யாழ்ப்பாணத்துக்கும் நெல்லியடிக்கும் இடையில் எவ்வளவு ஓடினாலும் டேர்போ பழுது வெளியே தெரியாது. குறைந்த வேகத்தில் ஓடி ஓடிக் கரி மட்டும் சேரும். கொழும்புக்கு 400 கிலோமீற்றர் நெடும்பயணம் தொடங்கிய பின், நடு இரவில், லொறியை முந்தும்போதுதான் தெரியவரும். எதிரே இன்னொரு வாகனத்தின் வெளிச்சம் வந்துகொண்டிருக்கும். பிழையான தீர்ப்பு பணத்தை மட்டும் தின்பதில்லை என்பதை இதனால் சொல்கிறேன். பழுது திருத்தப்பட்டுவிட்டது என்று நம்பி ஓடுகிறவரின் பின்னால் பத்துப் பன்னிரண்டு உயிர்கள் உறங்கிக்கொண்டிருக்கின்றன.

இதே மண்ணில் வேறொரு காலம் இருந்தது. 1990 முதல் பொருளாதாரத் தடையின்போது பெற்றோல் இல்லை, டீசல் இல்லை, பற்றரி இல்லை, உதிரிப்பாகம் இல்லை. ஒஸ்ரின் ஏ40 கார்களையும் மொறிஸ் மைனர்களையும் சில துளி பெற்றோல் காட்டி உசுப்பி, மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள் எங்கள் மெக்கானிக்மார். அந்தக் காலத்தை நான் கொண்டாடவில்லை. அது எவருக்கும் வரக்கூடாத காலம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அன்று விற்பதற்குச் சாமான் இல்லை. ஆகவே மெக்கானிக் விற்கக்கூடியதாக இருந்தது அவருடைய மூளை ஒன்றே. எங்கே பிழை என்று கண்டுபிடித்தால்தான் கூலி. பாதை திறந்தது, சாமான் வந்தது. மூளைக்குக் கொடுத்த கூலி நின்றுபோயிற்று.

என் வாதத்தின் மையம் இதுதான். நாம் பழுதைக் கண்டுபிடிப்பதற்குக் காசு கொடுப்பதில்லை. வைத்தியர் நாடி பிடித்துப் பார்த்து, "ஒன்றுமில்லை, போய்வாருங்கள்" என்றாலும் கட்டணம் கொடுத்துக் கும்பிட்டு வருகிறோம். மெக்கானிக் இரண்டு மணித்தியாலம் நிலத்தில் படுத்துத் தேடி, ஒரு கிளிப்பை இறுக்கிவிட்டு இரண்டாயிரம் ரூபா கேட்டால், "கிளிப் இறுக்கினதுக்கோ?" என்று கேட்கிறோம். இறுக்கியதற்கல்ல ஐயா, எந்தக் கிளிப் என்று அறிந்ததற்கு. நேர்மையாகத் தேடுகிறவர் பட்டினி கிடக்க, டேர்போ மாற்றுகிறவர் இலாபம் பார்க்கும் ஒழுங்கை நாமே கட்டி வளர்த்திருக்கிறோம். இளைய மெக்கானிக் ஒருவர் என்னிடம் வெளிப்படையாகவே சொன்னார்: "ஐயா, தேடினால் காசு தராயினம். மாத்தினால் தருவினம்." அவர் மீது எனக்குக் கோபம் வரவில்லை. வெட்கம் வந்தது.

எண்ணெய்க் கையை இழிவாகப் பார்க்கும் எங்கள் சமூகப் புத்தியும் இதற்குள் இருக்கிறது. கிளிநொச்சி அறிவியல்நகரில் 2016 இல் திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகத்தில் வாகனத் தொழில்நுட்பம் முறையாகக் கற்பிக்கப்படுகிறது. ஆயினும் உயர்தரத்தில் நல்ல பெறுபேறு எடுத்த பிள்ளையை அங்கே அனுப்ப எத்தனை பெற்றோர் மனமுவந்து சம்மதிப்பார்கள்? கெட்டிக்காரப் பிள்ளை கராஜுக்குப் போகக்கூடாது என்று நாமே விதித்துவிட்டு, கராஜில் கெட்டித்தனம் இல்லை என்று குறைப்படுவது என்ன நியாயம்?

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அதுவும் சாதாரண சாரதிக்கு எட்டாத விலையில். ஆகவே இருக்கிற பழைய வான்களைத்தான் இன்னும் பல்லாண்டு ஓட்டவேண்டும். பழுது பார்த்தல் இனி எங்களுக்குச் சீவாதாரமான கலை.

புலம்பெயர்ந்து வாழும் அன்பர்களுக்கும் ஒரு வார்த்தை. ஊரிலிருந்து தம்பியோ மைத்துனனோ அழைத்து, "ரேபோ போட்டுது, காசு அனுப்புங்கோ" என்றால், உடனே அனுப்பாதீர்கள், மறுக்கவும் வேண்டாம். மூன்று கேள்வி கேளுங்கள். ஹோஸ்களையும் இன்ரர்கூலரையும் அமுக்கம் கொடுத்துக் கசிவு பார்த்தார்களா? பில்டர்களையும் வக்கும் குழாய்களையும் பார்த்தார்களா? டேர்போதான் என்றால், அது ஏன் பழுதானது என்று சொன்னார்களா? மூன்றாவது கேள்விக்கு விடை இல்லையென்றால், நீங்கள் அனுப்பும் பணம் அடுத்த டேர்போவுக்கான முற்பணம் மாத்திரமே.

இங்கிருப்போர் செய்யவேண்டியது இன்னும் எளிது. கராஜுக்குப் போனதும், "என்ன மாத்த வேணும்?" என்று கேட்காதீர்கள். "என்ன பிழை என்று கண்டுபிடியுங்கள், கண்டுபிடிப்பதற்குரிய காசைத் தருகிறேன்" என்று சொல்லுங்கள். சொன்னபடி கொடுங்கள். கழற்றிய பழைய சாமானைக் கையோடு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

அந்த முதிய மெக்கானிக் அன்று தன் கூலியாகக் கேட்டது ஆயிரம் ரூபா. வான் தம்பி கொடுக்கத் தயங்கவில்லை. அடகு வைத்த சங்கிலி மட்டும் இன்னும் மீளவில்லை.