புழு வளர்க்கிறவனுக்கே பாலியஸ்டரா?

போன வைகாசியில குடும்பத்தோட காஞ்சிபுரம் போயிருந்தோம். சாமி கும்பிடுறது பாதி, தங்கச்சி மக கல்யாணத்துக்குத் தாய்மாமன் சீர்ப் பட்டு எடுக்கிறது மீதி. கோயில் வாசல்லயே ஒருத்தர் பிடிச்சுக்கிட்டார். "தறியில இருந்து நேரா எடுத்துக்கலாம் சார், கடை விலையில பாதிதான்."

ஒரு சந்து வீடு. முன்னறையில தறி, அதுல ஒரு பெரியவர். பின்னறையில அலமாரி நிறையச் சேலை. தறியைப் பார்த்ததும் நம்பிட்டோம். ஒன்பதாயிரம் சொன்னதைப் பேசிப் பேசி 5,500-க்கு முடிச்சேன். பெரிய கில்லாடின்னு நினைப்பு.

ஊருக்கு வந்ததும் எங்க அப்பா முந்தியில ஒரு இழையை உருவிப் பத்த வெச்சார். பட்டுன்னா முடி கருகுற வாசம் வரும், சாம்பல் விரல்ல பொடியும். இது உருகிக் கறுப்பு மணியா உருண்டு நின்னுச்சு.

தேன்கனிக்கோட்டையில இருபது வருஷமா மல்பெரி வெச்சுப் பட்டுப்புழு வளர்க்கிறவன் நான். ராமநகரம் சந்தைக்குக் கூடு கொண்டு போனா, வாங்குறவர் குலுக்கிப் பார்ப்பார், அமுக்கிப் பார்ப்பார், வெட்டியும் பார்ப்பார். நான் சேலை வாங்கப் போய் விலையைத் தவிர ஒண்ணும் கேட்கலை.

ஏமாத்தினவன் மேல தப்பு, சந்தேகமே இல்லை. ஆனா பாதி விலை கேட்டு நாம போறதாலதான் அந்தப் பின்னறையே நடக்குது. கணக்குப் பாருங்க. ஒரு கிலோ கச்சாப் பட்டு எடுக்க ஆறேழு கிலோ கூடு வேணும். சேலைக்கு அரைக்கிலோவுக்கு மேல பட்டுன்னா, நாலு கிலோ கூடாவது ஆகும். எனக்குக் கிடைச்ச 600 ரூபா விலையில அதுக்கே 2,400. மீதி 3,100-ல நூல் எடுத்து, முறுக்கி, சாயம் போட்டு, சரிகை வாங்கி, பத்து பதினஞ்சு நாள் நெய்றவருக்குக் கூலி கொடுத்து, தரகருக்கும் முதலாளிக்கும் லாபம் நிக்குமா? கூடு விக்கிற எனக்கே இது உறைக்கலை!

அடையாளங்கள் இருக்கு, ஆனா ஒவ்வொண்ணும் சொல்றது வேற. 2004-ல வந்த சில்க் மார்க், நூல் சுத்தப் பட்டுன்னு மட்டும்தான் சொல்லும். விசைத்தறிப் பட்டுக்கும் அது உண்டு. கைத்தறியான்னு தெரிய 2006-ல வந்த கைத்தறி முத்திரையைப் பார்க்கணும். காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு 2005-06-லயே கிடைச்சாச்சு. சில துணி வகைகளைக் கைத்தறிக்கு மட்டுமே ஒதுக்கி 1985-லயே சட்டமும் போட்டாச்சு. நாம கேட்காத வரைக்கும் எல்லாம் காகிதத்துல தூங்கும்.

"எல்லாருக்கும் கைத்தறிப் பட்டு கட்டுப்படி ஆகுமா?"ன்னு கேட்பீங்க. ஆகாது. பாலியஸ்டரை பாலியஸ்டர்னு சொல்லி, அதுக்கான விலைக்கு வித்தா தாராளமா வாங்கலாம், அதுல ஒரு கேவலமும் இல்லை. பட்டுன்னு சொல்லி விக்கும்போதுதான் நெசவாளர் கூலியும் நம்ம கூட்டு விலையும் சேர்ந்து அடிவாங்குது.

அதனால அடுத்த தடவை டூர் போறவங்க, கூட்டிட்டுப் போறவர் பின்னால போகாதீங்க. கூட்டுறவுச் சங்கக் கடைக்கோ, 1935-ல இருந்து நடக்கிற கோ-ஆப்டெக்ஸுக்கோ போங்க. எங்கே வாங்கினாலும் முத்திரையைப் பாருங்க, பில் கேளுங்க. பில் தர யோசிச்சா எழுந்து வந்துடுங்க.

சீருக்கு வேற சேலை எடுத்துக் கொடுத்துட்டேன். முதல் சேலை கதையைத் தங்கச்சிகிட்ட இன்னும் சொல்லலை. இதைப் படிச்சுத் தெரிஞ்சுக்கட்டும்.