கண்ணுக்குக் கண்ணா, காசா?

"கண்ணுக்குக் கண், பல்லுக்குப் பல்!"

பழிக்குப் பழி வாங்கத் துடிப்பவர்கள் அடிக்கடி எடுத்து வீசும் வாக்கியம் இது. யூதர்களின் வேதமான 'தோரா'வில் உள்ள சட்டம்.

அப்படியானால், ஒருவன் கண்ணைக் கெடுத்தவனைப் பிடித்து, அவன் கண்ணையும் பிடுங்க வேண்டுமா?

"வேண்டாம். நஷ்டஈடு கொடுக்கட்டும்" என்று தீர்ப்புச் சொன்னார்கள், ரபிகள் எனப்படும் யூத வேத அறிஞர்கள். வேதத்தில் ஓர் எழுத்தைக்கூட அவர்கள் மாற்றவில்லை. பொருள் காணும் முறையில்தான் விடை கண்டார்கள்.

அதற்கு விதிகள் உண்டு. சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஹில்லேல் 7 விதிகளைக் கையாண்டார். பிறகு ரபி இஸ்மவேல் பெயரால் 13 விதிகள் ஏற்பட்டன. இன்றும் அவை யூதர்களின் காலைப் பிரார்த்தனையில் இடம் பெறுகின்றன.

அதில் ஒரு விதியைப் பாருங்கள். ஒரே சொல் இரண்டு இடங்களில் வந்தால், ஓரிடத்துச் சட்டம் மற்ற இடத்துக்கு வழி காட்டும். பிறர் மாட்டை அடித்துக் கொன்றவன் ஈடு கொடுக்க வேண்டும் என்கிறது வேதம். மனிதனை அடிப்பது பற்றியும் அதே சொல் வருகிறது. ஆகவே இங்கும் ஈடுதான் என்றார்கள்.

இந்த விதியை ஆளுக்கு ஆள் இஷ்டம் போல் பயன்படுத்த முடியாது. ஆசான் வழியாக வந்த விளக்கம்தான் செல்லும்!

அவர்கள் கேட்ட கேள்விகளும் கூர்மையானவை. கண் தெரியாத ஒருவன் பிறர் கண்ணைக் கெடுத்தால், அவனிடம் எதைப் பிடுங்குவது? கண்ணை எடுக்கும்போது உயிரே போய்விட்டால்? கண்ணுக்கு உயிரா விலை?

சரி, பணக்காரன் காசை வீசிவிட்டுப் போய்விடுவானே என்று நீங்கள் கேட்கலாம். அதற்கும் வழி செய்தார்கள். சுமார் கி.பி. 200-ல் தொகுக்கப்பட்ட 'மிஷ்னா' நூல், ஊனம், வலி, வைத்தியச் செலவு, வேலை இழப்பு, அவமானம் என்று 5 கணக்குப் போடுகிறது. அத்தனையும் கொடுத்த பிறகும், காயம் பட்டவனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்!

குற்றவாளியின் கண்ணைப் பிடுங்கினால், இழந்தவனுக்குப் பார்வை வந்து விடுமா? உலகில் குருடர்கள் இரண்டு பேர் ஆவார்கள். அவ்வளவுதான்! ஈடு கொடுத்தால் அவன் வீட்டில் அடுப்பாவது எரியும்.

வேதத்தை மனப்பாடம் செய்வது எளிது. ஒற்றை வரியைப் பிடித்துக்கொண்டு சண்டைக்குக் கிளம்புவது அதைவிட எளிது. நிதானமாகப் பொருள் காண்பதுதான் கடினம். அந்தக் கடினமான வேலையைச் செய்தவர்களால் எத்தனையோ பேரின் கண்கள் தப்பின.

அடுத்த முறை யாராவது "கண்ணுக்குக் கண்" என்று கர்ஜித்தால், "முழுக்கப் படித்தீர்களா, ஐயா?" என்று கேளுங்கள்!