படத்தின் மூலையில் இரண்டு பெயர்

வெள்ளிக்கிழமை தவறாமல் சாமி படங்களைத் துடைத்துப் பொட்டு வைக்கிறோம். அதை எழுதியவர் யார் என்று எப்போதாவது பார்த்திருக்கிறோமா? பழைய காலண்டர் படமாக இருந்தால் கீழ் மூலையைக் கவனியுங்கள், சகோதரிகளே. என் மாமியார் சட்டம் போட்டு வைத்த லக்ஷ்மி படத்தில் இரண்டு பெயர் இருக்கிறது: சி. கொண்டையராஜு, டி.எஸ். சுப்பையா. முதலாமவர் குரு, அடுத்தவர் அவருடைய சிஷ்யர்.

நம் மதுரையிலிருந்து தெற்கே விருதுநகர், சாத்தூர் தாண்டினால் கோவில்பட்டி. கடலை மிட்டாய்க்குப் பேர்போன கரிசல் ஊர். 1898-ல் பிறந்த கொண்டையராஜு, சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். சில காலம் திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் இருந்தார். அப்புறம் நாடகக் கம்பெனிகளுக்குத் திரை எழுதினார். 1940-களில் கோவில்பட்டியிலேயே தங்கிவிட்டார். அவர் படங்களில் சாமிக்குப் பின்னால் தூணும் திரையுமாக மேடை மாதிரி இருக்கிறதே, காரணம் இப்போது புரிகிறதல்லவா?

சுப்பையா, ராமலிங்கம், அருணாசலம், சீனிவாசன் என்று கைத்திறன் உள்ள பிள்ளைகள் அவரிடம் சேர்ந்தார்கள். படங்கள் பக்கத்துச் சிவகாசியில் அச்சாகி வீடு வீடாகப் போயின.

குருவின் பெயர் ஒன்றே போதும், படம் விற்றுவிடும். இருந்தும் சிஷ்யர் பெயரைப் பக்கத்தில் போட்டாரே, அதுதான் பெரிய மனசு! 1976-ல் அவர் காலமான பிறகும், அந்தச் சிஷ்யர்கள் சொந்தப் பெயரிலேயே அறியப்பட்டார்கள்.

நம் வீட்டில் என்ன செய்கிறோம்? பிள்ளை போட்டிக்குப் படம் வரைந்தால், "இங்கே கொடு, மூக்கு கோணலாப் போச்சு" என்று பென்சிலைப் பிடுங்குகிறோம். எங்கள் தெருவில் ஒரு சிறுமி பரிசு வாங்கி வந்தாள். "நல்லா வரைஞ்சிருக்கியே கண்ணு" என்றேன். "அது அப்பா வரைஞ்சது அத்தை" என்றாள், முகத்தில் சந்தோஷமே இல்லாமல். அதற்குப் பிறகு அவள் போட்டிக்கே பெயர் கொடுக்கவில்லை.

திருத்தணும் என்று தோன்றினால் வேறு தாளில் வரைந்து காட்டுங்கள். குழந்தையின் கோட்டை அழிக்காதீர்கள். படத்தின் மூலையில் அதன் பெயரையும் தேதியையும் அதையே எழுதச் சொல்லுங்கள். கற்றுக்கொடுக்கும் டீச்சரிடமும், "திருத்தாமல் விடுங்கள், எப்படி வந்தாலும் பரவாயில்லை" என்று தைரியமாகச் சொல்லலாம். பரிசு அடுத்த வருஷம்கூட வரும். "நான் வரைந்தேன்" என்ற நினைப்பு போய்விட்டால் திரும்பக் கொண்டுவருவது கஷ்டம்.