திரையில் ஓடும் கணக்கு நம்ம செல்போனுக்கும் வரணும்!



சர்க்கரை ஆலைத் தொழிலே மாறிப்போச்சு. எடைமேடையில் கம்ப்யூட்டர். உருளையின் வேகம், பாய்லர் அழுத்தம், சாற்றின் சூடு எல்லாத்தையும் கருவிகளே அளந்து ஒரே அறையில் உள்ள திரைக்கு அனுப்புது. உத்தரப்பிரதேசத்தில் வெட்டு உத்தரவே விவசாயி செல்போனுக்கு வருகிறது. இதை நாம் எதிர்க்கவில்லை. வரட்டும்! ஆனால் கணக்கு ஒரு பக்கம் மட்டும் ஏன் போகணும்?

கச்சிராயபாளையமோ மூங்கில்துறைப்பட்டோ, விலைக் கணக்கு ஒண்ணுதான். 2025-26 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்தது, 10.25 சதவீத சர்க்கரைக் கட்டுமானத்துக்கு டன்னுக்கு 3,550 ரூபாய். அதில் 0.1 குறைந்தால் 34 ரூபாய் 60 காசு கழியும். 9.5 வந்தால் 3,290 ரூபாய் 50 காசு. அதோடு பிடித்தம் நிற்கும். ஏக்கருக்கு 40 டன் வெட்டுகிறவருக்கு ஒவ்வொரு 0.1-க்கும் 1,384 ரூபாய் போச்சு!

இந்தக் கட்டுமானம் உங்க கரும்பை மட்டும் சோதித்துப் போடுவதல்ல, ஆலை முழுவதுக்கும் சராசரி. மெஷின் நின்று, வண்டி யார்டில் காய்ந்தால் எடையும் குறையும், சர்க்கரையும் குறையும். சக்கையிலும் மொலாசஸிலும் போகிற சர்க்கரையும் கட்டுமானத்தில் சேராது. பழுது மெஷினில், நட்டம் நம்ம தலையில்!

அரவை எத்தனை மணி நேரம் நின்றது என்று அந்தத் திரைக்குத் தெரியும். நமக்கும் தெரியணும். வண்டி வந்த நேரம், எடை போட்ட நேரம், அன்றைய கட்டுமானம் எல்லாம் அன்றைக்கே செல்போனுக்கு அனுப்பு! 1966 கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி 14 நாளில் பணம் தரணும், தாண்டினால் 15 சதவீத வட்டி. அந்த வட்டியையும் கம்ப்யூட்டரே போடட்டும். டவர் எடுக்காத கல்வராயன் மலையடிவாரத்து ஊர்க்காரர்களுக்குக் கோட்ட அலுவலகத்தில் போர்டு வைத்து எழுதிப் போடு!