குதிப்பவனின் உயிருக்கு யார் பொறுப்பு?

விமானக் கதவருகே நின்று, கட்டளை பிறந்ததும் வெற்றுவெளியிற் காலெடுத்து வைக்கும் படைவீரன் தன் உயிரை எவர் கையில் ஒப்படைத்திருக்கிறான்? பரசூட்டை மடித்தவர் ஒருவர். காற்றை அளந்தவர் ஒருவர். இறங்குமிடத்தைக் குறித்தவர் இன்னொருவர். இவர்களுள் எவரையும் அவன் தெரிவுசெய்யவில்லை. கட்டளை பிறந்தபின் மறுக்கும் உரிமையும் அவனுக்கில்லை. ஆதலின் விதிகளே அவனுக்குள்ள அரண்.

அவ்விதிகள் நுட்பமானவை என்பதை நாம் மறுக்கவில்லை. ஐக்கிய அமெரிக்கத் தரைப்படையின் பயிற்சிக் குதிப்புகளில், தரையில் வீசும் காற்று மணிக்கு 13 கடல்மைலைக் கடந்தால் குதிப்பு நிறுத்தப்படல் வேண்டும். விமானத்தில் ஏறுமுன் ஒவ்வொரு வீரனின் தலைக்கவசத்தையும் பட்டிகளையும் குதிப்புக்குப் பொறுப்பானவர் தம் கையாலேயே சோதித்தல் வேண்டும். ஆயினும் விதிகள் தாமாக வளர்வதில்லை. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க வீரன் மார்பில் மாற்றுப் பரசூட்டைக் கட்டிக்கொண்டு குதித்தான். அவனுடைய பிரித்தானியத் தோழனோ ஒன்றே ஒன்றை நம்பிக் குதித்தான். இருவரையும் இழுத்த புவியீர்ப்பு ஒன்றுதானே! பிரித்தானியனுக்கு இரண்டாவது பரசூட் கிடைத்தது 1950களிலேதான்.

போர்க்களத்து ஆபத்தைப் பகைவன் தருகிறான். பயிற்சியிலோ நாளும் நேரமும் இடமும் மேலதிகாரியின் தெரிவு. இன்று காற்றடித்தால் நாளை குதிக்கலாம். 1974 செப்ரெம்பரில், மேற்கு ஜேர்மனியில் நடந்த நேட்டோ பயிற்சியொன்றிலே, இரவிற் குதித்த பிரித்தானியப் படையினர் சிலர் கீல் கால்வாயில் வீழ்ந்தனர். அறுவர் மாண்டனர். அவர்கள் முழுநேரப் படையினருமல்லர். தத்தம் தொழில்களுக்கிடையே பயிற்சிக்கு வந்த தொண்டர்கள்.

அந்நாளிற் சட்டம் எவ்வாறிருந்தது? அரசுக்கெதிராக வழக்கிடும் உரிமையைப் பிரித்தானியப் பொதுமக்களுக்கு அளித்த 1947ஆம் ஆண்டுச் சட்டமே, தன் 10ஆம் பிரிவினால், கடமையிலுள்ள சகவீரனின் கவனயீனத்தாற் கேடுற்ற வீரனுக்கும் அவன் குடும்பத்துக்கும் அவ்வுரிமையை மறுத்தது. ஓய்வூதியத்துக்கு உரித்துண்டென அமைச்சர் சான்றளித்தாற் போதும். நீதிமன்றக் கதவு மூடிவிடும். (நம் நாட்டிலும் 1969ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை தீங்கியலில் முடிக்கெதிராக வழக்கிட முடியாதிருந்ததை மூத்த சட்டத்தரணிகள் மறந்திரார்.) 1987இலே அப்பிரிவின் செயல் நிறுத்தப்பட்டது, அதற்குமுன் மாண்டவர்களுக்கு அதனாற் பயனில்லை.

அமெரிக்காவின் நிலை இன்னும் விந்தையானது. 1950இல் ஃபீரஸ் வழக்கிலே அந்நாட்டு உயர் நீதிமன்றம் விதித்த தடை இன்றும் நிற்கிறது. படை மருத்துவத் தவறுகளுக்கு மட்டும் 2019இல் ஒரு முறையீட்டு வழி திறக்கப்பட்டது. ஆகவே 13 என்ற எண் நூலில் இருக்கும். 20இற் குதிக்கவைத்து முதுகெலும்பை முறித்துக்கொண்டவன் அந்நூலுடன் நீதிமன்றப் படியேற முடியாது. விதியை இயற்றுவோரும், மீறுவோரும், மீறலை விசாரிப்போரும் ஒரே படையினர். பிறர் வரம்பை வெட்டியவனே வட்டவிதானையாக அமர்ந்து விளக்கம் நடத்தினால் நம் கமக்காரர் ஒப்புவரோ?

நீதிமன்றம் நுழைந்தாற் கட்டுப்பாடு குலையும் என்பது படைத்துறையாரின் வாதம். போர்முனை முடிவுகளைப் பற்றி அவ்வாறு சொன்னால் அதில் நியாயமுண்டு. களத்துத் தளபதியின் முதுகுக்குப்பின் நியாயவாதி நிற்க வேண்டுமென நாமும் கேட்கவில்லை. ஆனால் 1987இன் பின்னரும் பிரித்தானியப் பரசூட் படை குதித்துக்கொண்டுதானே இருக்கிறது? எந்தக் கட்டுப்பாடு குலைந்தது?

அங்கும் வேலை முற்றுப்பெறவில்லை. நிறுவனங்களின் கொடுங் கவனயீனத்தால் நிகழும் மரணத்தைக் குற்றமாக்கிய 2007ஆம் ஆண்டுச் சட்டம், படையினரின் ஆபத்தான பயிற்சிகளுக்கு விலக்களித்துள்ளது. நட்டஈடு கேட்கலாம், அமைச்சைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது. போருக்குரிய விலக்கு போருடன் நிற்கட்டும். பயிற்சிக்குரிய விலக்கை வெஸ்ற்மின்ஸ்ரர் பாராளுமன்றம் நீக்குதல் வேண்டும். வாஷிங்டன் காங்கிரஸ், 2019இல் மருத்துவமனைக்குத் திறந்த வழியை இறங்குதளத்துக்கும் திறத்தல் வேண்டும்.